பாட்டுக்கு எத்தனை பங்குதாரர்?

திருச்செங்கோடு பக்கம் கூட்டாக ரிக் வண்டி வைத்திருக்கும் நாலு பேரிடம் போய், "வண்டி யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு எத்தனை பங்கு, யார் எவ்வளவு போட்டது, வடக்கே போய் போர் போட்டு வருகிற லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வார்கள். அதே ஊர்ப் பையன்கள் நாலு பேர் கிடாரும் கீபோர்டும் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு பாட்டு போடட்டும். "பாட்டு யாருடையது?" என்றால், "எல்லாரும் சேர்ந்து போட்டதுதான்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டு நாலு காசு பார்க்கும் வரைக்கும்!

ஒரு பேண்டில் பாட்டு எப்படிப் பிறக்கிறது? ஒருவன் சும்மா கிடாரை நோண்டுவான். இன்னொருவன் "அதையே திரும்ப வாசி" என்பான். பாடுகிறவன் வார்த்தை இல்லாமல் தத்தகாரத்தில் முனகுவான். டிரம்ஸ் பையன் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பான், அவ்வளவுதான், அதுவரை சோப்ளாங்கியாக இருந்த மெட்டு எழுந்து உட்கார்ந்துவிடும். வரிகள் கடைசியில், டீக்கடையில் வரும். இதில் "எழுதியது" யார்? கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எந்தத் தொகையைப் போடுவது?

சேலத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறதே அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு, அதற்கு உள்ளே ஒரு காலத்தில் பாட்டு கூட்டாகத்தான் தயாரானது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய கம்பெனி அது. நூறுக்கு மேல் படங்கள். கதை எழுதுகிறவரும் பாட்டு எழுதுகிறவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம். சேலத்திலேயே எல்லாம் நடந்தது, சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

1950இல் வந்த 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் கருணாநிதி, இசை ஜி. ராமநாதன். பாட்டு எழுதியவர்கள் என்று அ. மருதகாசி, கா.மு. ஷெரீப் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வரும். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலை உச்சிப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதை யார் எழுதினார் என்று தேடிப் பாருங்கள். ஒரு பட்டியலில் மருதகாசி இருப்பார், இன்னொன்றில் ஷெரீப். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பஞ்சாயத்து முடியவில்லை. இரண்டு பேருமே பெரிய கவிஞர்கள், தனித்தனியாகவும் சாதித்தவர்கள், அதனால் தாங்கிக்கொண்டது. அந்தப் பாட்டுக்கு வாசித்தவர்கள் பெயர்? அது பட்டியலிலேயே கிடையாது, சண்டை போட ஆளும் கிடையாது.

இதே கம்பெனியின் 'பாசவலை' (1956) படத்துக்கு இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. இது இன்னும் சுவாரசியமான கூட்டு. இரண்டு பேரும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். 1952இல் சுப்பராமன் திடீரென்று இறந்துபோக, பாதியில் நின்ற வேலையைச் சேர்ந்து முடித்தார்கள். இந்தியில் சங்கர் - ஜெய்கிஷன் போலத் தமிழிலும் இருக்கட்டும் என்று என்.எஸ். கிருஷ்ணன்தான் சேர்த்துவைத்தார் என்பார்கள். அதே வருஷம் 'பணம்'. 1965 'ஆயிரத்தில் ஒருவன்' வரை எந்தப் பாட்டானாலும் இரட்டைப் பெயர்தான். எந்த மெட்டு யாருடையது என்று அட்டையில் ஒரு எழுத்து கிடையாது.

ரசிகர்கள் விடுவார்களா? வயலின் தூக்கலாகக் கேட்டால் ராமமூர்த்தி, இல்லையென்றால் விஸ்வநாதன் என்று இன்றைக்கும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீண் வேலை. பிரிந்த பிறகு விஸ்வநாதன் எக்கச்சக்கமான படங்கள் செய்தார், ராமமூர்த்திக்குப் படங்கள் குறைவு. அதை வைத்து முன்பு போட்ட பாட்டையெல்லாம் விஸ்வநாதன் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பெரிய அநியாயம் அது. "இது சரியில்லை, வேற போடலாம்" என்று எதிரில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் இருந்தாரே, அந்தச் சொல்லுக்கும் பாட்டில் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிகள் தனி, இசை தனி. ஒருவர் பங்களிப்பை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்ட முடியாவிட்டால் அது கூட்டுப் படைப்பு. சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை 1977இல் உச்ச நீதிமன்றம் உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொல்லிவிட்டது. 2012 திருத்தத்துக்குப் பிறகுதான், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உறுதியானது. நல்லதுதான். ஆனால் வேகத்தைக் குறைத்த அந்த டிரம்ஸ் பையன் கவிஞரா, இசையமைப்பாளரா? 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மாதிரி கானா, ராப், ராக் என்று கலந்து கட்டிய பத்தொன்பது பேர் குழுவை இந்த இரண்டு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

இங்கேதான் பி.காம். பாடம் ஒன்று உதவும். 1932 கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13. பங்குதாரர்களுக்குள் வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் லாபம் சமமாகப் பிரியும், நட்டமும் அப்படியே. பேண்டுக்கும் இதுதான் சரி. அறையில் இருந்த எல்லாருக்கும் சமம் என்று தொடங்க வேண்டும், மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

"பாட்டு முழுக்க ஒருத்தன் எழுதுவான், சும்மா தட்டுகிறவனுக்கும் அதே பங்கா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட குழு என்றால் அவனுக்குப் பாதி என்று எழுதுங்கள், யார் தடுத்தார்கள்? எழுதாமல் விடுவதுதான் வம்பு. குவீன் குழுவைப் பாருங்கள். 1975இல் 'போகீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லரின் பாட்டு ஒன்று இருந்தது. தட்டு விற்றது பிரெடி மெர்குரியின் பாட்டுக்காக, ஆனால் பின்பக்கத்துக்கும் அதே ராயல்டி. உள்ளே புகைந்தது. 1989இல் 'தி மிராக்கிள்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் குழுவின் பெயரையே போட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் ஆர்.இ.எம். இன்னும் கெட்டி, பாட்டு யார் கொண்டுவந்தாலும் நாலு பேர் பெயர்தான்.

எழுதிக்கொள்ளாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு மாத்யூ பிஷர் இருக்கிறார். 1967இல் புரோகோல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' உலகமெங்கும் ஓடியது. ஆரம்பத்தில் வரும் ஆர்கன் இசை இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்கவே முடியாது. வாசித்தவர் பிஷர். பெயர் போட்டதோ பாடகருக்கும் வரி எழுதியவருக்கும் மட்டும். 2005இல்தான் வழக்குப் போட்டார். 2006இல் இசைக்கான உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் ஆட்டம் கண்டு, 2009இல் பிரபுக்கள் சபையில் உறுதியானது. பணம் வழக்குப் போட்ட நாளிலிருந்து மட்டும். அதற்கு முந்தைய 38 வருஷத்துக்கு ஒரு பைசா கிடையாது.