சிறைக்கும் கணக்குக் கேளுங்கள்



தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266. அடைபட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணைதாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கணவனைத் திருச்சி மத்திய சிறையில் பார்க்க, பூதலூரில் பாசஞ்சர் ரயில் ஏறும் பெண்ணுக்கு அன்றைய நடவுக் கூலியும் போய்விடுகிறது.

சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை; பணம் ஒதுக்குவது சட்டமன்றம். புதுக் கட்டடங்கள் மட்டும் இந்த நெரிசலுக்குத் தீர்வாகாது. ஒவ்வொரு சிறையின் கொள்ளளவு, விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை, பிணைதாரர் இன்றித் தவிப்போர் விவரம், செலவு ஆகியவற்றை அவையில் வைத்த பிறகே சிறைத்துறை மானியக் கோரிக்கை நிறைவேற வேண்டும். டெல்டா எம்.எல்.ஏ.க்கள் இதை வலியுறுத்த வேண்டும்.

– வாசகர், பூதலூர், தஞ்சாவூர் மாவட்டம்