உலக்கையும் பாட்டும்

“படிக்கும் நேரத்தில் பாட்டு எதற்கு? விளையாட்டு எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களுக்குத் தலையாட்டும் ஆசிரியரும் உளர். உழைப்பு வேறு, இன்பம் வேறு; முன்னதை முடித்த பின்னரே பின்னதைத் தொடல் வேண்டும் என்பது இவர்தம் கொள்கை. ஒழுக்கத்தின் பெயரால் உலவும் பிழை இது என்பேன்.

நம் முன்னோர் இவ்வாறு எண்ணினாரல்லர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டு உண்டு. அஃது உலக்கை பிடித்துக் குற்றும் மகளிர் பாடுவது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணமும் சுண்ணம் இடிப்போர் பாட்டாகவே அமைந்தது. ஏற்றம் இறைத்தவன் பாட்டாலேயே சால்களை எண்ணினான். இருவர் மாறி மாறிக் குற்றும்போது உலக்கைகள் மோதாமல் காத்தது தாளமே. பாட்டு வேலைக்கு இடையூறன்று. வேலையின் ஓர் உறுப்பு.

நான் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி விடுமுறையில் விடியுமுன் அம்மாவுடன் பால்மரக் காட்டுக்குச் செல்வேன். அவர் மரம் சீவுவார். நான் மங்கு துடைப்பேன். ஒரு மரத்துக்கு வாய்பாட்டில் ஒரு வரி என்று பாடிக்கொண்டே நடக்க வேண்டும். நிரை முடியுமுன் ஏழாம் வாய்பாடு முடிந்துவிடும். “வாழ்க்கை இனிப்பாகவே இராது; கசப்பையும் விழுங்கப் பழக வேண்டாமா?” என்று வாதிடுவோர்க்கு இதுவே என் விடை. கொசுக்கடியையும் குளிரையும் அம்மாவின் பாட்டு அகற்றவில்லை. அவற்றைத் தாங்கும் வலிமையை எனக்குத் தந்தது.

இதனை அறிந்த நானே பின்னர்ப் பிழை செய்தேன். 1988-இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வு நம் பள்ளிகளை ஆட்டிப்படைத்த காலம். ஆறாம் ஆண்டு மாணவரின் இசை, உடற்கல்விப் பாடவேளைகளைப் பறித்துப் பயிற்சித் தாள்களுக்குக் கொடுத்தேன். பெற்றோர் பாராட்டினர். பாடநூலை எழுத்துக்கூட்டவும் திணறிய ஒரு மாணவன், கோலாட்டப் பாட்டை மட்டும் தாளைப் பார்த்துத் தடையின்றிப் படிப்பான். பாட்டை நிறுத்தினேன், அவன் படிப்பதையே நிறுத்தினான். மேசைமேல் தலைகவிழ்ந்து கிடந்த அவன் தோற்றம் இன்றும் என்னைச் சுடுகிறது. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வுப் புத்தி போகவில்லை.

மற்றொரு சாராரையும் கண்டித்தாக வேண்டும். கைப்பேசியில் படம் ஓட, அதனருகே பிள்ளை கணக்குப் போடுவதைக் கண்டு, “மகிழ்ச்சியாகப் படிக்கிறான்” என்று களிப்போர் அவர்கள். கை உழைக்க, நாவும் செவியும் ஓய்ந்திருக்கும் வேலைக்குப் பாட்டுத் துணையாகும். கருத்து முழுவதையும் கேட்கும் வேலைக்கு அருகில் வேறோர் இன்பத்தை வைத்தால் இரண்டும் கெடும். அங்கே இன்பம் வேலைக்கு உள்ளேயே இருத்தல் வேண்டும். வாய்பாடு தாளத்தோடு ஒலிக்கட்டும். கதைப்பாடம் நாடகமாகட்டும். பல்லாங்குழியில் கூட்டலும் கழித்தலும் நிகழட்டும்.

ஆசிரியத் தோழர்களே! பாட்டு ஒலிக்கும் வகுப்பறையைக் கடக்கும்போது கதவைத் தட்டி அடக்காதீர்கள். ஒரு கணம் நின்று கேளுங்கள். அங்கே உலக்கை விழும் ஓசையும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்குமாயின், பாடம் நன்றாகவே நடக்கிறது.