பத்தாம் வகுப்புக்குக் கீழே ஒரு குடிமகன்

இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று உலக நாடுகளை நம் அரசு கேட்டுக்கொள்கிறது. நல்லது. ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் கோலிவாடாவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் வாங்கி வரும் பாஸ்போர்ட்டில் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ‘குடியகல்வுச் சோதனை தேவை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். சுருக்கமாக ஈ.சி.ஆர். அயல் நாட்டானிடம் ‘தடுக்காதே’ என்று சொல்லும் அரசு, சொந்த விமான நிலையத்தில் தானே தடுத்து நிறுத்துகிறது!

யாருக்கு இந்த முத்திரை? (முத்திரை என்று பழக்கத்தில் சொல்கிறோம், இப்போது அச்சிட்டே கொடுத்துவிடுகிறார்கள்.) பத்தாம் வகுப்பு தேறாதவனுக்கு. சவுதி அரேபியா, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா முதலிய 18 நாடுகளில் ஒன்றுக்கு அவன் வேலைக்குப் போவதென்றால், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியகல்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. படிக்காதவனை ஏஜெண்டுகள் ஏமாற்றுகிறார்கள், ஆகவே அவனைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்கிறார்கள்.

அந்த விளக்கத்தை நம்பலாம் என்றுதான் நாமும் பார்க்கிறோம். ஆனால் விதிவிலக்குப் பட்டியலைப் படித்தால் நம்ப முடியவில்லை. வருமான வரி கட்டுகிறவருக்குச் சோதனை தேவையில்லை என்று அதில் இருக்கிறது. எட்டாவது படித்த கடை முதலாளி வரி கட்டினால் போதும், தாராளமாகப் போகலாம். அதே எட்டாவது படித்து, அவர் கடையில் மூட்டை தூக்குகிறவன் நிற்க வேண்டும். இருவரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களாகக்கூட இருக்கலாம். அப்படியானால் இவர்கள் சோதிப்பது அறியாமையையா, வறுமையையா?

பத்தாம் வகுப்பு என்ற கோட்டையும் கொஞ்சம் பார்ப்போம். இந்த நகரத்தில் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் படித்த தலைமுறை நாம். பெரும்பாலான பள்ளிகள் ஏழாவதோடு முடிந்துவிட்டன. மேலே படிக்க வேறு மொழிக்கு மாற வேண்டும், அல்லது பாட்டி வீட்டுக்குத் திருநெல்வேலிக்கு ரயில் ஏற வேண்டும். இரண்டும் முடியாதவன் பட்டறைக்குப் போனான். பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு நிறுத்திய அதே ஆட்சி முறை, ‘நீ ஏன் பத்தாவது படிக்கவில்லை?’ என்று பாஸ்போர்ட்டில் எழுதிக் கேட்கிறது.

2018 ஜனவரியில் இதைவிடப் பெரிய யோசனை ஒன்று வந்தது. பொது மக்களுக்கு நீல அட்டை, அரசு அலுவலாகப் போகிறவருக்கு வெள்ளை, தூதருக்கு மெரூன் என்பது நடைமுறை. ஈ.சி.ஆர். காரனுக்கு மட்டும் இனி ஆரஞ்சு நிற அட்டை என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. வரிசையில் நிற்கும்போதே, ‘அதோ பாமரன்’ என்று தூரத்திலிருந்து கண்டுகொள்ளலாம் அல்லவா? கண்டனம் எழுந்தது, அதே மாத இறுதியில் கைவிட்டார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் போனது ஆரஞ்சு அட்டை மட்டும்தான். உள்ளே இருக்கும் வாசகம் அப்படியே இருக்கிறது.

சரி, காப்பாற்றவாவது செய்கிறதா? சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். மகன் வெல்டர், எட்டாவது வரை படித்தவன். முறைப்படி போவதென்றால் ஒப்பந்தம் வேண்டும், ஈ-மைக்ரேட்டில் முதலாளியின் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ‘அதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும், விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்றான் ஏஜெண்டு. சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பது விதி. அந்த ஓட்டை வழியாகப் பையனை அனுப்பிவிட்டான். வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. வேலை ஒப்பந்தம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கே காகிதம் இல்லை. “காப்பாத்தத்தானேய்யா அந்த முத்திரையைப் போட்டாங்க? அப்ப எங்க போனாங்க?” என்று அந்த அம்மா கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பெண்களுக்கு இன்னும் ஒரு பூட்டு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண், 30 வயது நிரம்பாமல் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அவளும் விசிட் விசா ஏஜெண்டிடம்தான் போய் நிற்கிறாள். நேர் வாசலை அடைத்தால் புறவாசலில் நிற்பவனுக்குத்தான் வியாபாரம்.

ஏமாற்றுகிற ஏஜெண்டுக்கு என்ன தண்டனை தெரியுமா, தோழர்களே? அதே 1983 சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும்தான் என்று விதி இருக்கிறது. ரசீது தராமல் அதற்கு மேல் லட்சம் வரை வாங்குகிறவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் என்பது பிரியாணிச் செலவு.

பாதுகாப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். முறைப்படி அனுமதி பெற்றுப் போகிறவனுக்குப் பத்து லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பிரீமியம் சில நூறு ரூபாய்தான். அந்த வெல்டருக்கு அது இருந்திருந்தால் அந்த வீட்டின் நிலை வேறாக இருந்திருக்கும். நாம் சொல்வது, சோதனையைத் தொழிலாளியின் கையிலிருக்கும் புத்தகத்திலிருந்து எடுத்து, அவனைக் கூப்பிடுகிற முதலாளியின் மீதும் அனுப்புகிற ஏஜெண்டின் மீதும் வையுங்கள் என்பதே. பத்தாவது படித்தவனும் ஏமாறுகிறான். டிப்ளமோ படித்தவனும் சம்பளம் வராமல் முகாமில் கிடக்கிறான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற எல்லோருக்கும் ஒப்பந்தப் பதிவும் காப்பீடும் கட்டாயமாகட்டும், செலவு முதலாளியுடையதாகட்டும், எவன் நெற்றியிலும் எதுவும் எழுத வேண்டாம். வெளிநாடு செல்வது தனி மனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லிவிட்டது; 1978இல் மேனகா காந்தி வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அந்தத் தீர்ப்புகள் எதிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கேட்கப்படவில்லை.

அதுவரைக்கும் நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஏஜெண்டின் லைசென்ஸ் எண்ணை ஈ-மைக்ரேட் தளத்தில் சரி பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அங்கே போனதும் முதலாளி பாஸ்போர்ட்டைக் கேட்டால், அது இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டுங்கள். குறைந்தபட்சம் ஒரு நகலை ஊரில் வைத்துவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்பைப் பின்னால் தேறியவர்கள் பலர் இன்னும் பழைய ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறார்கள். சான்றிதழைக் காட்டி மறு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் அந்த வாசகம் நீங்கும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். வாடகை வீட்டுக்காரர்களுக்குப் போலீஸ் விசாரணையில் முகவரித் தொல்லை வரும் என்பதால், பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தை முதலிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

ஞாயிறுதோறும் மாலையில் சங்க அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதித் தருகிறோம். பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். ஏஜெண்டு கொடுத்த காகிதம் எதுவானாலும் அதையும் கொண்டு வாருங்கள், துண்டுச் சீட்டாக இருந்தாலும் சரி.