கணப்பு மூட்டுமுன்

கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலே, வெள்ளையர் ஆட்சிக் காலத்திற் கட்டப்பட்ட பங்களாக்களின் கூரைமேற் புகைபோக்கிகள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. மார்கழி, தை மாதக் குளிரிலே அங்குக் குடும்பத்தோடு தங்கச் செல்வோர், பழைய கணப்பைக் கண்டதும் விறகடுக்கித் தீமூட்ட விரும்புவது இயல்பே. ஆயின், கண்ணுக்குத் தெரியும் தீக்கு அஞ்சும் நாம், கண்ணுக்குத் தெரியாத புகைவழியை மறந்துவிடுகின்றோம். ஆபத்துப் பதுங்கியிருப்பது அங்கேதான்.

தீமூட்டுமுன் நாம் கவனிக்க வேண்டியவை யாவை?

முதலில், கணப்பினுள்ளே டோர்ச் விளக்கைப் பிடித்து, சிறு கண்ணாடியொன்றின் துணையுடன் மேல்நோக்கிப் பார்த்தல் வேண்டும். பறவைக் கூடோ சருகோ வழியை அடைத்திருக்கலாம். சுவரிலே கரிப்பசையும் படிந்திருக்கும். ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரிற் பட்டு உறைவதால் உண்டாகும் இப்பசை, தானும் எரியுந் தன்மையது. அது 3 மில்லிமீற்றர் அளவு தடித்திருப்பின், துப்புரவு செய்தாலன்றித் தீமூட்டலாகாது. பசை பற்றிக்கொண்டாற் புகைபோக்கியே உலையாகும். வெடிப்புகளினூடாகக் கூரைமரங்களுக்கும் தீ பரவும்.

அடுத்து, கூரைக்கு மேலுள்ள செங்கற்களின் இடைச்சாந்து. ஆணியாற் கீறும்போது அது பொடியாய் உதிருமாயின், மேசனை அழைத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய பழைய சுவரிலே வன்மையான சீமெந்தைப் பூசினால், உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் செங்கல்லே பொரிந்து உதிரும். ஆதலின், அங்குச் சுண்ணாம்புச் சாந்தே தகும்.

இவையெல்லாம் சீராயின், பத்திரிகைத் தாளொன்றைச் சுருட்டிக் கொளுத்திப் புகைவழியின் அடியிற் பிடித்துப் பார்க்கலாம். புகை மேலேறினால் நன்று. அறைக்குள்ளே திரும்பினால், கணப்பு மூட்டாது விடுதலே அறிவுடைமை.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது இரவு. குளிருக்கஞ்சிச் சாளரங்களை இறுகச் சாத்தி, தணல் அவியுமுன்பே புகைவழியை அடைக்கும் இரும்புத் தகட்டையும் மூடிவிட்டு உறங்குதல் பெருந்தீங்கு. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் என்பன அதன் அறிகுறிகள். உறங்குவோர் அவற்றை உணரார். எவருக்கேனும் இவை தோன்றின், அனைவரும் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை புகைபோக்கியைச் சோதிப்பது வீட்டுக்குடையோர் கடமை. தங்கச் செல்லும் நாமோ, “இதனைக் கடைசியாகத் துப்புரவு செய்தது எப்பொழுது?” என்று வினவத் தயங்கவேண்டாம். தக்க விடை கிடையாதவிடத்து, அன்றிரவுக்குக் கம்பளியே போதும்.