வெட்டாதே தம்பி, கழற்றி வை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய புல்லட் ஒன்றைக் கடலூர் ரோட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்து என் வாசலில் நிறுத்தினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் மட்டும் பூரித்திருந்தது.

"தாத்தா, 65 மாடல். மலிவா முடிச்சேன். இதை பாபர் பண்ணப் போறேன்."

"பானிபட்டுல சண்டை போட்டாரே, அந்த பாபரா?"

சிரித்துவிட்டு, செல்போனில் ஒரு படம் காட்டினான். இரண்டு மட்கார்டும் குட்டையாக வெட்டப்பட்டு, ஒற்றை ஆள் சீட் வைத்து, சேஸிஸின் வால் பகுதியையே அறுத்து எடுத்த வண்டி. அதற்குப் பெயர்தான் பாபராம்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. 1984-இல் என் அண்ணன் தன் ஜாவாவை எனக்குக் கொடுத்தார். மைசூரில் செய்த வண்டி. கிக்கர் நெம்புகோலே கியர் நெம்புகோலும். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர். நான் என்ன செய்தேன்? நீள மட்கார்டையும் இரண்டு சைலன்சரையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். புதிதாக ஒற்றைச் சைலன்சர் மாட்டினேன். சத்தம் கூடியது, அவ்வளவுதான். 1996-இல் மைசூர் தொழிற்சாலையும் மூடிவிட்டார்கள். அண்ணனும் இன்று இல்லை. அந்த வண்டியைப் பழையபடி பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பாக்கி.

ஆகவே, பழைய வண்டியில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு என் கருத்து இதுதான். முதலில் வண்டி எதுவென்று கண்டுபிடி. பிறகு மாற்று. மாற்றினாலும் திரும்பப் பூட்ட முடிந்ததை மட்டும் மாற்று.

கண்டுபிடிப்பது எப்படி? புல்லட்டைப் பார்த்த மாத்திரத்தில் வருடம் சொல்ல முடியாது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த உருவம் பெரிதாக மாறவேயில்லை. டேங்க், விளக்கு, பெயர் வில்லை எதை வேண்டுமானாலும் சென்னை புதுப்பேட்டையில் வாங்கிப் பூட்டிவிடலாம். அதனால் அவற்றை நம்பாதீர்கள். நம்ப வேண்டியது இரண்டு எண்களை. ஹேண்டில்பார் கழுத்தில் அடித்த சேஸிஸ் எண், என்ஜின் கூட்டில் அடித்த என்ஜின் எண். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாக எழும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட தடம் இருந்தாலோ பணத்தை எடுக்காதீர்கள்.

நாங்களும் அப்படித்தான் தேய்த்தோம். இரண்டு எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்தின. ஆனால் ஆர்.சி.யில் இருந்த வருடம் 1978. '65 மாடல்' என்பது விற்றவர் வாயில் பிறந்தது. பையன் முகம் வாடிப்போனது.

"இதுக்கா வாடுற? இப்பதான் கவனமா இருக்கணும்" என்றேன்.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அவன் வண்டி ஐம்பதை எட்டும் நேரத்தில் சேஸிஸை ரம்பத்தால் அறுத்தால், அந்தத் தகுதி அன்றோடு போச்சு. இது தவிர, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

"அவன் காசு, அவன் வண்டி, உமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நாலு வண்டியின் உடம்பைச் சேர்த்து ஒட்டியதாக இருந்தால் நானே "உன் இஷ்டம்" என்றிருப்பேன். எண் பொருந்தி, காகிதமும் சரியாக இருக்கும் வண்டி அப்படியல்ல. நமக்கு முன்னால் யாரோ ஓட்டினார்கள், நமக்குப் பின்னாலும் யாரோ ஓட்டுவார்கள்.

முதல் செலவு அழகுக்கும் வேண்டாம். பிரேக் லைனிங், வயரிங், டயர், கேபிள்கள் இவற்றுக்குப் பிறகுதான் சீட்டும் பெயிண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைக்க வேண்டும். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக் காற்று எப்படிப்பட்டது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் குரோமியம் உரிந்துவிடும்.

பையன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பின் மட்கார்டைக் கழற்றிக் குட்டையான ஒன்றை மாட்டிப் பார்க்கப் போகிறானாம். "ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றேன். சேஸிஸில் கை வைப்பதில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பழைய மட்கார்டை இரும்புக் கடைக்கு அனுப்பவில்லை. அது இப்போது என் வீட்டுப் பரணில், சாக்கில் சுற்றி இருக்கிறது. என்றைக்காவது அவன் கேட்டு வருவான்.