அறுத்துக் கட்டுவது இழிவா?

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் மாசித் திருவிழாவின்போது நடைபெறும் மகிழடி சேவையை நம்மில் பலர் கண்டிருப்போம். சங்கிலியாரை மணக்கும்போது, அவரைப் பிரிவதில்லை என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சூளுரைத்ததை நினைவூட்டும் விழா அது. அந்தச் சூளுக்குப் பின்னே ஒரு தந்திரமும் உண்டு. தாம் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் முன்னதாகவே கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சொல்லிவிட்டார்! பின்னர் ஆரூர் நினைவு வந்து சுந்தரர் ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் மீண்டன. பரவையாரின் சினத்தைத் தணிக்க இறைவனே தூது நடந்தார். சங்கிலியார்? ஒற்றியூரில் அவர் அதன்பின் எவ்வாறு நாள் கழித்தார் என்பதைச் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை.

கூடி வாழ வேண்டி வடிவுடையம்மன் சன்னிதிக்கு வரும் பெண்கள் ஏராளம். விலகி வாழ வேண்டுவோர் எங்கே போவது?

சப்பான் நாட்டின் கியோத்தோ நகரில் யாசுய் கொன்பிராகு என்னும் சிந்தோ ஆலயம் இருக்கிறது. அங்கே நடுவில் துளையுள்ள ஒரு பெரிய கல். வேண்டுதலை எழுதிய தாளுடன் முன்புறமிருந்து பின்புறமாகத் தவழ்ந்தால் தீய உறவு அறும். பின்புறமிருந்து முன்புறமாகத் திரும்பித் தவழ்ந்தால் நல்ல உறவு கூடும். பின்பு அந்தத் தாளைக் கல்லின்மீது ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டி ஒட்டிக் கல்லே மறைந்து போயிற்றாம். கல் உறவை அறுக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அறுப்பதையும் கட்டுவதையும் ஒரே கல்லில் வைத்த அந்த மக்களின் துணிவை மெச்சுகிறேன்.

நமக்கு இது புதிதா என்ன? உழைக்கும் மக்கள் பலரிடையே பஞ்சாயத்தார் முன்னிலையில் பரிசத்தைத் திருப்பித் தந்து, தாலியை அறுத்து, வேறொருவரை மணக்கும் வழக்கம் இருந்ததன்றோ? அதற்கு நாம் வைத்த பெயர் 'அறுத்துக் கட்டுதல்'. கியோத்தோ கல்லின் வேலையை இரண்டே சொற்களில் சொல்லிவிட்ட தமிழ், அதையே வசைச்சொல்லாகவும் ஆக்கிற்று. மேல்சாதியாரைப் பார்த்து ஒழுகுவதே உயர்வு என்று எண்ணத் தொடங்கியபோது, கையிலிருந்த நல்ல வழக்கம் நமக்கு வெட்கமாகிவிட்டது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ அப்படி வெட்கப்படவில்லை. வழக்காற்றின்படி பெறும் மணவிலக்கை அதன் 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. இருவரும் மனமொத்து விலகும் வழி 1976இல் சேர்க்கப்பட்டது.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர். கணவர் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அக்காவின் கழுத்தில் இன்றும் அதே தாலி. "எங்க ஆயா காலமா இருந்தா நாலு பேரக் கூட்டி ஒரே நாள்ல முடிச்சிருப்பாங்க" என்கிறார். பிறகு, "அறுத்துக் கட்டினவ பொண்ணுன்னு நாளைக்கு எம் மகளச் சொல்லுவாங்களே" என்று தாமே மறுக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். சொன்னால் சொல்லட்டும் என்கிறாள் அவள்.