தந்தையின் முதலெழுத்து: ஒரு பொலிக்குதிரையின் புகழ் யாருக்குச் சொந்தம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடைபெற்றன. அங்கே நார்வே வீராங்கனை இசபெல் ஃப்ரீஸ் ஏறிவந்த பொலிக்குதிரையின் பெயர் டோட்டல் ஹோப். அதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே தொடரில் தொடங்கின: 'டோட்டிலாஸின் மகன்'. அந்தத் தொடரில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது சொல்லாமல் விட்டது அது சொன்னதைவிடக் குறைந்ததன்று. டோட்டல் ஹோப்பின் தாய் வைஹேகோல்ட். இசபெல் வெர்த் ஏறி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணித் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வென்ற குதிரை. 2017, 2018, 2019 என அடுத்தடுத்து மூன்று உலகக்கோப்பை இறுதிப் போட்டிகளை வென்றதும் அதே குதிரைதான். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற தாய்க்கும், ஒலிம்பிக் களத்தையே காணாத தந்தைக்கும் பிறந்த குதிரை தந்தையின் பெயரால் மட்டும் அறியப்படுவது ஏன்? இக்கேள்வி குதிரை வளர்ப்போடு நின்றுவிடுவதன்று.

முதலில் தந்தையின் பெருமையைக் குறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். டிரெஸ்ஸாஜ் என்பது வேகத்தையோ தாண்டும் உயரத்தையோ அளக்கும் போட்டி அன்று. குதிரை நின்ற இடத்திலேயே தாளத்தோடு கால் மாற்றுவது, மிதப்பதுபோல் நடப்பது, ஒரு காலை ஊன்றிச் சுழல்வது முதலான அசைவுகள் ஒவ்வொன்றிற்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர். கூட்டுத்தொகை விழுக்காடாக அறிவிக்கப்படும். 2000ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்த கருங்குதிரையான டோட்டிலாஸ், எட்வர்ட் கால் என்னும் வீரரின் கீழ் 2009இல் வின்ட்சர் ஐரோப்பியப் போட்டியின் இசைப் பிரிவில் 90.75 விழுக்காடு பெற்றது. 90ஐக் கடக்க முடியும் என்று அதுவரை எவரும் காட்டியதில்லை. அதே ஆண்டின் இறுதியில் லண்டனில் 92.30. மறு ஆண்டு கென்டக்கியில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டியில் மூன்று தங்கம். குதிரையேற்றத்தில் ஆர்வமற்றவர்களும் அந்தக் காணொளிகளைத் தேடிப் பார்த்த காலம் அது.

2010 அக்டோபரில் டோட்டிலாஸ் ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. வளர்ப்புத் துறையின் பெரும் பெயரான பால் ஷொக்கமோலே அதை வாங்கினார். மத்தியாஸ் அலெக்சாண்டர் ராத் புதிய வீரரானார். இனிக் களத்திலும் பொலிக்கூடத்திலும் ஒருசேரப் புகழ் விளையும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. 2011இல் ரோட்டர்டாமில் ஜெர்மனிக்கு அணி வெள்ளி கிடைத்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை வீரரின் நோய் தடுத்தது. பிறகு காயங்களும் நீண்ட இடைவெளிகளும். 2015 ஆஹன் ஐரோப்பியப் போட்டியில் குதிரையின் நடை சீராக இல்லாததைப் பார்வையாளர்களே கண்டனர். அத்துடன் அதன் களவாழ்வு முடிந்தது. 2020 டிசம்பரில், இருபது வயதில், வயிற்றுநோயால் இறந்தது. ஜெர்மனியில் இருந்த ஆண்டுகளில் அது 90 விழுக்காட்டை மீண்டும் எட்டவே இல்லை.

குதிரை அதுவே; எலும்பும் தசையும் மரபணுவும் அவையே. மாறியவை கையும் கூடமும் அன்றாடப் பழக்கமும். ராத் திறமையற்றவர் என்பதன்று இதன் பொருள். நோயும் காயமும் அவருக்குப் போதிய வாய்ப்பே தரவில்லை. 92.30 என்ற எண் குதிரையின் உடலுக்குள் இருந்த பண்பு அன்று என்பதே பொருள். அது ஒரு குதிரைக்கும் ஒரு மனிதருக்கும் இடையே சில ஆண்டுகளில் உருவான உறவின் அளவீடு. உறவை விற்கவோ வாங்கவோ முடியாது. விந்தாக உறைய வைக்கவும் முடியாது.

இவ்விடத்தில் ஒரு தலைமுறை பின்னே செல்வது பயன்தரும். டோட்டிலாஸின் தந்தை கிரிபால்டி, ட்ராகேனர் இனப் பொலிக்குதிரை. கிழக்குப் பிரஷ்யாவில் 1732இல் நிறுவப்பட்ட அரசக் குதிரைப் பண்ணையில் தோன்றிய இனம் அது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில் உறைந்த கடற்கழியைக் கடந்து மேற்கே ஓடி எஞ்சிய சிறு கூட்டத்திலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. கிரிபால்டியைக் கிராண்ட் பிரீ நிலைப் போட்டிகளில் ஏறியவர் யார்? எட்வர்ட் கால். டோட்டிலாஸின் மகனான டோட்டல் யுஎஸ் என்ற குதிரையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் யார்? அவரே. பாட்டன், தகப்பன், பேரன் என மூன்று தலைமுறைக் குதிரைகளும் ஒரே மனிதரின் கைவழியே களம் கண்டிருக்கின்றன. வம்சாவளிப் பட்டியலில் அம்மனிதருக்கு ஒரு கட்டம் கூடக் கிடையாது. தமிழில் வழித்தோன்றலைக் 'கால்வழி' என்கிறோம். இக்குதிரைகளின் வரலாற்றில் கால்வழியோடு கைவழி ஒன்றும் சேர்ந்தே ஓடுகிறது. பதிவேடு முன்னதை மட்டுமே எழுதிவைக்கிறது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. டோட்டிலாஸின் சாதனையை முறியடித்தது வலேக்ரோ. சார்லட் டூஜார்டின் ஏறிய அக்குதிரை 2014 டிசம்பரில் 94.3 விழுக்காடு பெற்றது. வலேக்ரோ காயடிக்கப்பட்ட குதிரை. அதற்கு வாரிசு இல்லை. ஆனால் அதன் வெற்றியால் அதன் தந்தை நீக்ரோ என்ற பொலிக்குதிரையின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. அதாவது, புகழ் மகனிடமிருந்து தந்தைக்கு ஏறியது. மரபு எப்போதும் மேலிருந்து கீழாகப் பாயும் என்ற படமே பாதி உண்மைதான்.

இந்தப் பாதி உண்மை மொழியில் எப்படிப் பதிகிறது என்பதைப் பெயர்கள் காட்டுகின்றன. நெதர்லாந்தின் பதிவேட்டில் குதிரையின் முதலெழுத்து அது பிறந்த ஆண்டைக் குறிக்கும்: 2000இல் பிறந்தவை 'டி', 2001இல் 'யு', 2002இல் 'வி'. டோட்டிலாஸும் வலேக்ரோவும் அந்த முறையின் பெயர்கள். ட்ராகேனர் மரபில் குட்டி தாயின் முதலெழுத்தைப் பெறும். கிரிபால்டியின் 'ஜி' அதன் தாய் கோண்டோலாவினுடையது. ஓல்டன்பர்க் முதலிய வட ஜெர்மானியப் பதிவேடுகளிலோ பொலிக்குதிரைகள் பெரும்பாலும் தந்தையின் முதலெழுத்தைச் சுமக்கின்றன. ஆக கிரிபால்டி, டோட்டிலாஸ், டோட்டல் ஹோப் என்ற மூன்று தலைமுறைப் பெயர்களில் முதலாவது தாயையும், இரண்டாவது காலத்தையும், மூன்றாவது தந்தையையும் சுட்டுகின்றன. ஒரே கால்வழி, உறவை எண்ணும் இலக்கணங்கள் மூன்று.

வைஹேகோல்டின் தாய் பெயர் வைஹேஃபோல். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த அவ்வெழுத்து மகனிடம் வந்ததும் அறுந்துவிட்டது. டோட்டல் ஹோப் என்ற பெயரைக் கேட்பவர் எவருக்கும் அந்தப் பெண்வழி நினைவுக்கு வர வாய்ப்பே இல்லை. பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தைச் சுமந்தே பள்ளிச் சான்றிதழ் பெறும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாயின் முதலெழுத்தையும் இடலாம் என்ற நிலை வந்த பின்னரும் எத்தனை பேர் இடுகிறார்கள்?

பெண்வழியை வளர்ப்போர் அறியாதவர்கள் அல்லர். அரேபியப் பாலைவனத்துப் பதூயின்கள் குதிரையின் குலத்தைத் தாய்வழியாகவே எண்ணினர். ஹோல்ஸ்டைன் பதிவேடு பெட்டைக் குடும்பங்களுக்கு எண் கொடுத்துப் பேணுகிறது. நல்ல பண்ணையாளர் விலைமதிப்பற்றதாகக் காப்பது தம் பெட்டைகளையே. பின் ஏன் தந்தையின் பெயர் மட்டும் ஓங்கி ஒலிக்கிறது? கணக்கு எளிது. பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும். கருமாற்று முறையில் சில கூடலாம். பொலிக்குதிரையின் விந்தோ உறைநிலையில் கண்டங்களைக் கடந்து, அது இறந்த பிறகும் குட்டிகளைத் தரும். விற்பதற்குரிய பண்டம் எதுவோ அதன் பெயரே விளம்பரப் பெயராகிறது. புகழ்பெற்ற பொலிக்குதிரைக்குச் சிறந்த பெட்டைகளே கொண்டுவரப்படுகின்றன. பிறந்த குட்டிகள் சிறந்த பயிற்சியாளர்களிடமே செல்கின்றன. பிறகு குட்டிகள் வென்றால், வெற்றி முழுவதும் தந்தையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. நடையின் அமைப்பு ஓரளவு மரபுவழி வருவதே. போட்டி முடிவுகளில் மரபின் பங்கு அதைவிடக் குறைவு என்பது விலங்கு மரபியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. சந்தைக்கு அந்த வேறுபாடு தேவைப்படுவதில்லை.

இதில் இழப்பு பெருமைப் பங்கீட்டில் மட்டும் நிகழ்வதன்று. டோட்டிலாஸ் புகழின் உச்சியில் இருந்தபோதே விமர்சனம் எழுந்தது: முன்னங்கால்கள் கண்ணைப் பறிக்குமாறு உயர்கின்றன; பின்னங்கால்கள் அதற்கு ஈடாக உடலைத் தாங்கி முன்வரவில்லை; பகட்டுக்கு மதிப்பெண் தரப்படுகிறது என்று. குதிரையின் கழுத்தை மார்போடு ஒட்ட வளைத்துப் பயிற்றும் முறை குறித்த சர்ச்சையும் அக்காலத்தில்தான் முற்றியது. 2010 பிப்ரவரியில் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, வன்மையால் அவ்வாறு வளைப்பதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. நடுவர் எதற்கு 9 தருகிறாரோ, வளர்ப்பவர் அதையே தேர்ந்தெடுப்பார். பத்தாண்டு கழித்து அது இனத்தின் உடலாகிவிடும். ஒரு பொலிக்குதிரை விட்டுச்செல்லும் மரபில் நடுவர்களின் ரசனையும் அடங்கும். அந்த ரசனை தவறினால், விலை கொடுப்பவை பிறக்கவிருக்கும் குட்டிகளின் மூட்டுகள்.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வல்லா ஆகியோர் அடங்கிய அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. அகர்வல்லா பாரிஸிலும் பங்கேற்றார். குதிரைகள் ஐரோப்பாவில் பிறந்தவை. வீரர்கள் பயின்றதும் ஐரோப்பாவில்தான். இனி இங்கே பேசப்படப் போவது எந்தக் குதிரையை, யாருடைய விந்தை வாங்குவது என்பதாகவே இருக்கக்கூடும். டோட்டிலாஸின் ஜெர்மன் ஆண்டுகள் அதற்கு விடை சொல்லிவிட்டன. உலகின் மிகச் சிறந்த குதிரையையே வாங்கியவர்களுக்கும் அதன் வெற்றி கூடவே வரவில்லை. பயிற்சியாளர், லாடம் அடிப்பவர், மருத்துவர், விடியலில் தீனி வைப்பவர் ஆகியோரை உள்நாட்டில் உருவாக்காமல் வம்சாவளித் தாளை மட்டும் இறக்குமதி செய்தால் கிடைப்பது தாள்தான்.

ஆய்வுலகம் இதைக் கேட்டுப் புன்னகைத்து விலகிவிட முடியாது. ஒருவரைப் பற்றிய முதற்கேள்வி 'என்ன எழுதினார்?' என்பதாக இருக்க வேண்டிய இடத்தில், 'யாருடைய மாணவர்?' என்பது முந்திக்கொள்வது எத்தனை நேர்காணல் அறைகளில் வழக்கம்! பெரிய பெயரிடம் சிறந்த மாணவர்கள் சேர்கின்றனர். நிதியும் நூலகமும் சேர்கின்றன. அவர்கள் வென்றால் வெற்றி அப்பெயரின் கணக்கில் ஏறுகிறது. முதல் பாடம் சொன்ன ஆசிரியரும், தரவு திரட்ட உடன் அலைந்தவரும், வீட்டில் சுமை தாங்கிய தாயும் நன்றியுரையின் கடைசிப் பத்தியில் ஒதுங்குகின்றனர்.

மரபை மறுக்க வேண்டியதில்லை. கிரிபால்டி இன்றி டோட்டிலாஸ் இல்லை. டோட்டிலாஸ் இன்றி டோட்டல் ஹோப் இல்லை. கோரிக்கை சிறியது: தந்தையைச் சொல்லும் வாக்கியத்திலேயே தாயையும் சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்தில் ஏறியவரையும் வளர்த்தவரையும் சொல்லுங்கள். டோட்டல் ஹோப், டோட்டிலாஸுக்கும் வைஹேகோல்டுக்கும் பிறந்தது. பாரிஸ் களத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் இசபெல் ஃப்ரீஸ். இப்படிச் சொன்னால் செய்தியில் ஒரு வரிதான் நீளும். குதிரையின் வரலாறு ஏறத்தாழ முழுமையாகிவிடும்.